சிரிச்சிட்டு எந்திரிங்க

நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். நம்ப முடியாது என்பவர்கள் இப்போதே அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம்முடைய ‘நிழல் குடியிருப்பு’ ரசிகர் குழுவில் போன வாரம் ஒருவர், “உங்களுக்கு ரொம்பப் பிடித்த எபிசோடு எது, ஏன்?” என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு மண்டை ஓட்டுப் படம் போட்டுப் பதில் எழுதினீர்கள். நானும் எழுதி எழுதி அழித்தேன். இதை அழிக்கப் போவதில்லை. கோபத்தில் எழுதுகிறேன், எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரிதான்.

என் பெயர் ரெஜினா. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீடு. ஏழு ரோடு பக்கம் இப்ராம்சா பாய் வைத்திருக்கும் சாக்லேட் கடையில் வேலை. பகல் முழுக்க வருகிறவன் போகிறவனிடமெல்லாம் “ஹோம்மேட் சார், டேஸ்ட் பாருங்க” என்று பல்லைக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் நான் எனக்கென்று உட்காருவேன். டிவியில் பேய் வரும். எனக்கு அதுதான் ஓய்வு.

இருபத்து மூன்றாவது எபிசோடு ஞாபகம் இருக்கிறதா? புதுசாகக் கல்யாணம் ஆன பெண். வீட்டில் மூன்று பேர். ராத்திரி கழுவிக் கவிழ்த்து வைப்பது மூன்று டம்ளர். காலையில் பார்த்தால் நான்கு. பேயைக் கடைசிவரை காட்டவே இல்லை. அந்த நான்காவது டம்ளரின் அடியில் கொஞ்சம் டீ இருக்கும், ஆவி பறக்கும்... அவ்வளவுதான். ஒரு மாதம் எங்கள் வீட்டு டம்ளரை எண்ணி எண்ணிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அமல் வேண்டுமென்றே ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்.

நாற்பத்தேழு அதைவிட ஒரு படி மேல். பெண்கள் விடுதி. வார்டன் பெயர் கூப்பிடுகிறார். போன மாதம் காய்ச்சலில் செத்துப்போன பெண்ணின் பெயரையும் பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிடுகிறார். பின்வரிசையிலிருந்து “உள்ளேன் மிஸ்” என்று குரல். அந்த வார்டன் கத்தவில்லை, ஓடவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார், ஆனால் செத்தவள் பெயருக்கு நேரே பேனாவால் ஒரு டிக் போடுகிறார். நடிப்பு என்றால் அது நடிப்பு.

அறுபத்தெட்டைப் புகழ்கிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தையே கிடையாது. கொலுசு, எலுமிச்சம்பழம், கம்ப்யூட்டரில் செய்த பாம்பு. “ஏ ரெஜி, இது பாம்பா, இல்ல கேரட் தோட்டத்துக்குத் தண்ணி விடுற டியூப்பா?” என்று அமல் கேட்டார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பயப்படுவதற்குப் பதிலாகச் சிரித்துப் புரையேறினோம்.

தொண்ணூற்றாறு... உங்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிடித்தது. பங்களா கூடத்தில் எஸ்டேட் மேனேஜர் சவப்பெட்டியில் கிடப்பார். சுற்றிலும் மெழுகுவத்தி. பெண்டாட்டி ஓரத்தில் நின்று அழாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். “பிணமா நடிச்சவர் செம. மூச்சு விட்ட மாதிரியே தெரியல” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு எத்தனை கைதட்டல் படங்கள்.

அந்தப் பிணம் என் வீட்டுக்காரர்.

அமல் ஜீப் ஓட்டுகிறவர். அவரோடு பள்ளியில் படித்த டெனிஸ் என்பவர், ஷூட்டிங்குக்கு வருகிற ஆட்களுக்கு வீடு, வண்டி, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பார். போன ஆகஸ்டில் அட்டுவம்பட்டியில் ஒரு பழைய பங்களாவை ‘நிழல் குடியிருப்பு’க்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு அமலுக்கு அவரிடமிருந்து போன்.

“மாப்ள, வெரசா பங்களாவுக்கு வா. பிணமா நடிக்க மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளு வரணும், வந்து சேரல. ஒன்னோட உசரம்தான். சும்மா படுத்துக் கெடந்தாப் போதும்டா.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயிடம் சொல்லிவிட்டு நானும் கூடவே போனேன். வராத ஆளுக்கென்று வைத்திருந்த கோட்டு அமலுக்குத் தோளில் ஏறவில்லை. எங்கள் கிறிஸ்தவ ஆட்களில் கல்யாணக் கோட்டு இல்லாத ஆண்பிள்ளை ஏது? டெனிஸ் எங்கள் வீட்டுக்கு ஆளனுப்பி, பீரோவிலிருந்து அமலுடையதை எடுத்து வரச் சொன்னார். அமல் அதைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்தார். நான் ஜன்னலுக்கு வெளியே கூட்டத்தோடு நின்று பார்த்தேன்.

பார்க்கிறவர்களுக்குப் படுத்திருப்பது சுலபம். கேமரா நெருங்கியபோது அமலின் நெஞ்சு ஏறி இறங்கியது. டைரக்டர் கத்தினார். “யோவ், பிணம் மூச்சு விடுது! பிணமாக் கெடக்கக்கூடத் தெரியாதாய்யா உனக்கு?” அத்தனை பேருக்கு முன்னால். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் கத்தல். அமல் கேலி பேசுகிறவர்தான், ஆனால் ரோஷக்காரர். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தபோதும் அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். நாலாவது தடவைதான் சரியாக வந்தது. அதற்குள் மேகம் இறங்கி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மணி நாலரை இருக்கும். “பேக்கப்” என்றார்கள்.

சினிமா, சீரியல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள், ஆனால் டிவியில் வராது. செத்தது பொய், ஆள் இருப்பதுதான் நிஜம் என்று காட்டுவதற்கு அது. யாருக்குக் காட்டுவதற்கு என்று கேட்காதீர்கள், அவர்களுக்கும் தெரியாது. உதவி இயக்குநராக இருந்த பெண் ஓடிவந்தாள்.

“சார், கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிச்சிட்டு எந்திரிங்க.”

அமல் எழுந்து உட்கார்ந்தார். “இம்புட்டு நேரம் யோவ், இப்ப மட்டும் சாரா? சிரிப்பெல்லாம் வராதுங்க. ஒங்க சோலியப் பாருங்க.”

பெட்டியை விட்டு இறங்கி நடந்து வந்துவிட்டார். சிரிக்கவில்லை. இதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தவருக்குக் குளிர் விடவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், கணப்பு மூட்டினேன், இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் போர்த்தினேன். கை மட்டும் சில்லென்றே இருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் சிரிக்கவில்லை. நான் ஏதாவது சொன்னால் உதடு விரியும், சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஸ்டாண்டில், தன் முறை வருவதற்காக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி கேட்டு வந்த டூரிஸ்ட் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார். அப்புறம்தான் பக்கத்து டிரைவர்கள் வந்து கதவைத் திறந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். நாற்பத்தொரு வயது.

எங்கள் வழக்கப்படி கல்யாணக் கோட்டைப் போட்டுத்தான் அவரைப் பெட்டியில் வைத்தோம்.

நாலு வாரம் கழித்து எபிசோடு ஒளிபரப்பானது. அதே கோட்டு. அதே கிடை. சாவுக்கு வந்த அதே சனம் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை என் புருஷனைப் பிணமாகப் பார்த்தது. “உங்க வீட்டுக்காரர் டிவில வந்தாராமே” என்று கடைக்கே வந்து விசாரித்தார்கள். சீரியல் கம்பெனியிலிருந்து ஒரு மாலை வரவில்லை, ஒரு போன் வரவில்லை. இப்போதும் யூடியூபில் இருக்கிறது. லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்களாம். பார்க்கட்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அமலின் போனில் இருந்ததெல்லாம் அருவியும் டூரிஸ்ட்டும்தான், அவரே இல்லை. கல்யாண வீடியோ சிடி பூஞ்சை பிடித்து ஓடவில்லை. அவர் அசைந்து நான் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சீரியல்தான் கதி, அதிலும் அவர் அசைய மாட்டார். யோசித்துப் பாருங்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் பெட்டியிலிருந்து எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டுதானே இருந்தது? அந்தக் கோபத்தோடு எழுந்து, “ஒங்க சோலியப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறாரே, அது எங்காவது இருக்கும் அல்லவா?

டெனிஸிடம் கேட்டேன். “அதெல்லாம் தர மாட்டாங்க தங்கச்சி. கம்பெனிச் சொத்து” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பாயின் மகள் நஜ்லா கல்லூரியில் படிக்கிறாள். அவளும் இந்தச் சீரியல் பைத்தியம்தான். “நான் பாக்குறேங்க்கா” என்றாள். அந்த உதவி இயக்குநர் பெண்ணை இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, விடாமல் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு கிளிப் வந்தது. நஜ்லா அதைப் பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

“நான் பாக்கலக்கா. மொதல்ல நீங்கதான் பாக்கணும்.”

அன்றைக்குச் சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு இரண்டே அறை. முன் அறையில் டிவி. உள் அறையில் கட்டில். செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, பென் டிரைவைச் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? மூன்று மாதம் கழித்து அவர் எழுந்திருக்கப் போகிறார்.

படம் வந்தது. பெட்டி பக்கவாட்டில் தெரிகிறது. அதன் விளிம்புக்கு மேலே அமலின் மூக்கும் நெற்றியும் மட்டும். “கட்” என்று குரல். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். மேகம் கூடத்துக்குள் வருகிறது, எல்லாம் வெளுக்கிறது. பெட்டியும் பாதி மறைகிறது.

“சார், கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிச்சிட்டு எந்திரிங்க.”

முகம் கேமரா பக்கம் திரும்பியது.

சிரித்தது.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. சிரித்திருக்கிறாரே! நான்தான் ஜன்னலுக்கு வெளியே நின்று சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். அப்படியானால் ஏன்... சரி, அதை விடு என்று நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினேன். இன்னொரு தடவை பார்க்க.

இரண்டாம் தடவையில்தான் உறுத்தியது. அமல் சிரித்தால் இரண்டு கண்ணும் இடுங்கி மூடிக்கொள்ளும். இந்தச் சிரிப்பில் கண் திறந்தே இருந்தது. நன்றாகத் திறந்திருந்தது.

மறுபடியும் ஓட்டினேன். பல்லெல்லாம் வெற்றிலைக் காவி. அமல் ஒரு நாளும் வெற்றிலை போட்டதில்லை.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். படம் தானாக ஓடியது.

பெட்டிக்குள்ளிருந்து ஆள் எழுந்தது. மேகத்தில் முதலில் தலை. வெள்ளை முடி. அப்புறம் தோள். கோட்டு இல்லை... கட்டம் போட்ட சட்டை. காலைத் தூக்கி வெளியே வைத்தது. ஒரு கை மட்டும் வரவில்லை. பெட்டிக்குள் எதிலோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த ஆள் குனிந்து பார்த்தது.

கையை இழுத்தது. வரவில்லை.

இன்னும் வேகமாக உதறியது. கை விடுபட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்து, படத்தை விட்டு வெளியே போய்விட்டது.

பெட்டி மட்டும் இருந்தது. யாரும் வரவில்லை. யாரும் பேசவில்லை. மேகம் நகர்கிற சத்தம் கேட்கும் போல அவ்வளவு அமைதி...

பெட்டியின் விளிம்பில் நாலு விரல் வந்து பற்றியது.

கறுப்புக் கோட்டுக் கை. மோதிரம். நான் போட்ட மோதிரம்.

விரல்கள் அழுத்தின. எழப் பார்த்தன. வழுக்கின.

மறுபடியும் பற்றின.

வழுக்கின.

அதோடு படம் நின்றது. அதே நேரத்தில் கரண்ட்டும் போனது. சுவர்க் கடிகாரம் ஏழு பத்து காட்டியதை அதற்கு ஒரு நொடி முன்னால்தான் பார்த்திருந்தேன்.

இருட்டு. தகரக் கூரையில் தூறல்.

க்ரீச்...

உள் அறை. கட்டில் சத்தம்.

க்ரீச்... தொப்.

யாரோ பாதி எழுந்து திரும்ப விழுகிற சத்தம்.

க்ரீச்... தொப்.

ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. வாசல் நாலடி தூரம்தான். ஆனால் ஓடவில்லை. பயத்தை மீறி ஒரு ஆத்திரம் வந்தது. எவனோ உதறிவிட்டுப் போய்விட்டான். அத்தனை பேர் நின்ற கூடத்தில் ஒருத்தன் கை கொடுக்கவில்லை. என் புருஷன் மூன்று மாதமாக எழ முடியாமல் கிடக்கிறாரா?

“என்னங்க?” என்றேன்.

க்ரீச்.

சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனேன். கட்டில் பக்கம் கையை நீட்டினேன்.

“புடிச்சுக்கங்க.”

ஒன்றும் இல்லை...

பிறகு, பிடித்தது.

சில்லென்ற கை. தெரிந்த கை. போர்த்திப் போர்த்திப் பார்த்தும் சூடேறாத அதே கை.

இழுத்தேன்.

அசையவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து, கட்டில் காலில் என் காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன்.

“எந்திரிங்க... எந்திரிங்க...”

கொஞ்சம் எழுந்த மாதிரி இருந்தது. முகத்துக்கு மிக அருகில் மூச்சு இல்லாத ஒரு குளிர்.

என்னால் முடியவில்லை.

வழுக்கியது.

கரண்ட் வந்தபோது தரையில் கிடந்தேன். கட்டிலில் யாரும் இல்லை. மடித்து வைத்த கம்பளிகூடக் கலையவில்லை. கனவு, மயக்கம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். எனக்கு வலது தோள்பட்டை பிசகியிருந்தது. கட்டுக்கட்டித்தான் சரியானது. இன்றைக்கும் குளிர் கூடினால் வலிக்கிறது.

மறுநாள் வெள்ளனே கடைக்குப் போய் நஜ்லாவிடம் பென் டிரைவைக் கொடுத்து, லேப்டாப்பில் போடச் சொன்னேன். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்தோம். சிரிக்கச் சொல்லும் குரல் வந்தது. நஜ்லாவின் கண் கலங்கியது.

“அண்ணன் எந்திரிச்சிட்டாருக்கா. எம்புட்டுக் கோவம் பாருங்க... சோலியப் பாருங்கங்குறாரு... இந்தா, எறங்கிப் போறாரு.”

நான் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட சட்டை கையை உதறிவிட்டுப் போனது. நாலு விரல் வந்தது. வழுக்கியது.

“பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன்” என்றேன். எதைப் பார்க்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கிடந்தேனோ அது நஜ்லாவுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்த ஆள்தான் எழுந்திருக்கிறது.

சாயங்காலம் டெனிஸ் வீட்டுக்குப் போனேன். கிளிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. “அண்ணே, வெள்ளை முடி, வெத்தலைப் பல்லு, கட்டம் போட்ட சட்டை. ஷூட்டிங் ஆளுகள்ல அப்படி யாரும் இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

டெனிஸ் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். “இவரா?”

அதே சிரிப்பு. கண் திறந்த சிரிப்பு.

“இவர் பேரு பொன்னுவேல். பிணமா நடிக்கிறதுக்குன்னே கூப்பிடுவாங்க. அன்னைக்கு வராமப் போனாருல்ல, அந்த ஆளு.” டெனிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தங்கச்சி, கோவிச்சுக்காத. வேன்ல மலை ஏறி வர்றப்பவே நெஞ்சடைச்சு விழுந்துட்டாரு. திருப்பிக் கீழ கொண்டுபோயி ஒரு ஆஸ்பத்திரில சேத்தாங்க. ரெண்டு மணிக்கு எங்களுக்குப் போன் வந்துச்சு. ஆள் முடிஞ்சிட்டாருன்னு.”

“செத்துட்டாருன்னா?”

“ஆமா. டைரக்டருக்குத் தெரிஞ்சா சகுனம் சரியில்லன்னு அன்னைக்குப் பூரா ஷூட்டிங்க நிறுத்திருவாரு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு மேனேஜர். அதான் நான்... அமலைக் கூப்புட்டேன்.”

செத்தவனுக்குப் போட்ட இடத்தில், செத்தவன் என்று தெரிந்தே, சொல்லாமல் கொள்ளாமல் என் புருஷனைப் படுக்க வைத்திருக்கிறார்கள். மூச்சு விட்டதற்குத் திட்டி வேறு இருக்கிறார்கள். நான் எழுந்து நின்றேன். டெனிஸை அறைந்திருப்பேன். அதற்குள் அவர் சொன்னார்.

“ஆனா அவரு சாகல தங்கச்சி. துணி போத்தி வெளிய தள்ளி வச்சிருந்தாங்களாம். நாலரை மணி வாக்குல எந்திரிச்சு உக்காந்துட்டாராம். நர்சம்மா கத்திட்டு ஓடிருக்காங்க. பேக்கப் ஆன கையோட அந்தப் போனும் வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் கெளம்புனப்புறம்தான் எல்லார்ட்டயும் சொன்னோம், அவருக்குக் கைதட்டுனாங்க. இப்ப நல்லா இருக்காரு. போன வாரம்கூட நடிச்சிட்டுப் போனாராம்.”

நம்பரை வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் நின்று போன் செய்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. கொடைக்கானலில் இருந்து பேசுகிற சீரியல் ரசிகை என்றேன். மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்காமலேயே அவர் கதையை ஆரம்பித்தார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, தங்கு தடையில்லாமல் வந்தது.

“செத்துப் பொழச்சவன்மா நானு. நெஞ்சு அடைச்சுது, அப்புறம் ஒரே இருட்டு. எம்மாம் நேரம்னு தெரியல. அப்புறம் ஒரு பொம்பளப் புள்ள குரலு. ‘சிரிச்சிட்டு எந்திரிங்க’ன்னுச்சு. எனக்குப் பழக்கமான வார்த்தைதானே? சிரிச்சேன். எந்திரிச்சேன். பாத்தா ஆஸ்பத்திரி!”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“லைன்ல இருக்கீங்களாம்மா?”

“இருக்கேங்க.”

அவர் குரல் தணிந்தது. “இத யார்ட்டயும் சொன்னதில்ல. அந்த இருட்டுல எனக்கு அடியில இன்னொருத்தரு படுத்துக் கெடந்தாரும்மா. நான் எந்திரிக்கிறப்ப என் கையைப் புடிச்சிக்கினாரு. விடவே மாட்டேன்னாரு. நான் பயந்துட்டேன். உதறிட்டு ஓடியாந்துட்டேன். இப்பக்கூடத் தூக்கம் வர்றதில்ல. யாரு பெத்த புள்ளையோ... உங்க ஊரு ஆளா இருக்கும்னு என்னமோ தோணுது. உங்களுக்கு எதும் தெரியுமா? அவரு அப்புறம் எந்திரிச்சாராம்மா?”

“இன்னும் இல்லைங்க” என்றேன்.